‘இருக்கலாம்’ என்று எழுதிய அண்ணாவுக்கு

என் அருமை அண்ணாவுக்கு, அலமேலு எழுதுவது.

நலமா என்று கேட்டுத் தொடங்க வழியில்லை. நீ போய் ஒரு வருஷம் முடிந்து மேலே இரண்டு மாதமும் ஆகிவிட்டது. வருஷத் திதி அன்று அம்மா களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு வைத்து, உன் இலையில் இரண்டு உருண்டை போட்டாள். போடும்போதே அழுதாள். நான் அழவில்லை. உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

இது உன்னைத் திட்டுவதற்காக எழுதும் கடிதம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தபோது நான் குரலை உயர்த்தினால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று நழுவிவிடுவாய். இப்போது எங்கே நழுவுவாய்? முழுக்கக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன மாதம் எனக்கும் குந்தாரப்பள்ளி கிருஷ்ணமூர்த்திக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. பாதிதான் நடந்தது. மீதியை நான் நிறுத்திவிட்டேன். ஊர் என்னைக் காறித் துப்புகிறது. நிறுத்தியது சரியா தப்பா என்று உன்னிடம் கேட்கப்போவதில்லை. நிறுத்தும்படியான நிலையில் என்னை ஏன் கொண்டுபோய் விட்டாய் என்றுதான் கேட்கிறேன்.

உனக்குத் தபால் போட விலாசம் கிடையாது. அதனால் நீ எழுதிய அதே பத்திரிகைக்கு இதை அனுப்புகிறேன். படிக்கப்போகிறவர்களுக்கு நம் வீட்டுக் கதை தெரியாது. ஆகையால் உனக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்வேன், பொறுத்துக்கொள்.

அப்பாவுக்குப் பிறகு அம்மா, நீ, நான், மூன்று பேர்தான். தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் காட்டோரத்தில் கொஞ்சம் கேழ்வரகு நிலம், யானை மிச்சம் வைத்தால் நமக்கு. நீ ஓசூர் தாலுகா ஆபீசில் சர்வேயர். பெயர் ரங்கநாதன் என்றாலும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் நீ ‘சங்கிலி ரங்கன்’. அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவாய். அளக்காததை எழுத மாட்டாய் என்று பெயர். அந்தப் பெயரை நினைத்தால்தான் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு பெரிய மனிதர் தன் நிலத்து எல்லைக் கல்லை நாலே நாலு கண்ணி தள்ளிப் போட்டுக் குறித்துக்கொடு என்று கேட்டார், நினைவிருக்கிறதா? சங்கிலியில் நூறு கண்ணி, அதில் நாலு. கல்லை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? “கல்லு எங்க இருக்குதோ அங்கதாங்க இருக்கும், என் பேனாவுக்குத் தள்ளிப் போகாது” என்று சொல்லிவிட்டு வந்தாய். அந்த ஒரு பேச்சுக்காக உன்னைக் காட்டு எல்லையை அளக்கும் வேலைக்கு மாற்றினார்கள். மைசூர்ப் பக்கம் எது, நம் பக்கம் எது என்று புதரில் புகுந்து அளக்கும் வேலை. தண்டனையாகத்தான் போட்டார்கள். நீயோ மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தாய், ஏனென்றால் அந்த வேலைக்காகச் சேலத்திலிருந்து ஒரு தியோடலைட் வந்திருந்தது.

மூன்று கால் போட்டு நிறுத்தும் அந்தத் தொலைநோக்கியை ஒரு சித்திரை மாதத்துச் சாயங்காலம் களத்துமேட்டில் வைத்தாய். பொழுது அப்போதுதான் இறங்கியிருந்தது. வியாழனைக் காட்டினாய். ஒரு சின்ன வெள்ளை வட்டம், அதன் பக்கத்தில் வரிசையாக நாலு புள்ளி. அதன் நாலு சந்திரன்கள் என்றாய். நான் கண்ணை எடுக்கவே இல்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு, “குரு பகவானுக்குக் கொழந்தைங்க இருக்குதா? ஜோசியர் சொல்லவே இல்லியே” என்றாள்.

அப்புறம் கிழக்கே திருப்பி என் நட்சத்திரத்தைக் காட்டினாய். சித்திரை. வெள்ளையும் நீலமும் கலந்து, ஊசி முனை மாதிரி ஒரு வெளிச்சம். பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

“பாவம், ஒண்டியா நிக்குது. இதுக்குச் சுத்தி யாரும் இல்லியா?” என்று கேட்டேன்.

“இருக்கலாம்.”

“இருக்குதா இல்லியா, ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

“அளக்காத எப்பிடிடி சொல்றது? இருக்கலாம். அவ்ளோதான் சொல்லலாம்” என்றாய்.

கேட்டது நான். அதை மறக்கவில்லை. என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இன்றைக்குப் பெங்களூரில் மின்சார விளக்குக்கு அடியில் உட்கார்ந்து புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கட்டுரை எழுதியது நீ.

நல்ல கட்டுரைதான், திட்டும்போதும் அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு நட்சத்திரமும் தூரத்தில் இருக்கும் ஒரு சூரியன். நம் சூரியனைச் சுற்றி ஒன்பது கோள்கள் ஓடுகின்றன, பூமியும் அதில் ஒன்று. அப்படியானால் மற்றச் சூரியன்களைச் சுற்றியும் ஓடலாம் அல்லவா? கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, பக்கத்துச் சூரியனின் பிரகாசத்தில் மறைந்துவிடும், எந்தத் தொலைநோக்கியிலும் இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. பிறகு எப்படித்தான் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் சந்தை உதாரணம் சொன்னாய். முரட்டுக் கன்றைக் கயிற்றில் பிடித்துத் தன்னைச் சுற்றி ஓடவிடுகிறவனைத் தொலைவிலிருந்து பாருங்கள். கூட்டத்தில் கன்று தெரியாது, கயிறு தெரியாது. ஆனால் ஆள் ஓர் இடத்தில் நிற்க மாட்டான், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவான். அவன் ஆட்டத்தை அளந்தால் கன்று எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடலாம். வெளிநாட்டில் சிலர் ஒரு நட்சத்திரம் அப்படி ஆடுவதைக் கண்டதாகச் சொல்கிறார்கள், சிலர் அது கருவியின் கோளாறு என்கிறார்கள், வழக்கு இன்னும் தீரவில்லை என்று முடித்திருந்தாய்.

அதோடு விட்டிருக்கக் கூடாதா? “உதாரணமாகச் சித்திரை நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றியும் நம் கண்ணுக்குத் தெரியாத கோள்கள் இருக்கலாம்” என்று ஒரு வரி. சுவாதி இல்லையா? திருவோணம் இல்லையா? வானத்தில் அத்தனை இருக்கச் சித்திரையை ஏன் எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். தங்கைக்கு ஒரு பரிசு மாதிரி அதை வைத்தாய். அச்சில் வந்ததும் அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினாய். நானும் வெட்கங்கெட்டவள், எத்தனை முறை எடுத்துப் படித்தேன் என்று கணக்கில்லை.

பத்திரிகைக்காரர்கள் ஒரு சொல்லை மாற்றியிருந்தார்கள். நீ எழுதிய ‘கோள்’ எல்லாம் ‘கிரகம்’ ஆகியிருந்தது. வாசகர்களுக்கு எளிதாகப் புரியட்டும் என்று செய்திருப்பார்கள். புரிந்ததுதான் வினையாகப் போயிற்று! கோள் என்றே விட்டிருந்தால் நம் பக்கத்தில் பாதிப் பேர் யாரோ கோள்மூட்டுவதைப் பற்றிய கட்டுரை என்று தள்ளியிருப்பார்கள். கன்னடம் பேசுகிறவர்கள் அதைத் தங்கள் பாஷையில் புலம்பல் என்று பொருள்படும் ‘கோளு’ என்று படித்து, யாரோ எதற்கோ ஒப்பாரி வைக்கிறார்கள் என்று புரட்டியிருப்பார்கள். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

கிரகம் என்றதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நட்சத்திரம் என்றால் உனக்கு மேலே இருப்பது. நம் ஜனங்களுக்கு அது பிறக்கும்போது கூடவே வருவது, ஊர் பேர் மாதிரி. உன் நட்சத்திரம் என்ன என்று கேட்டால் யாராவது வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்களா? சித்திரை நட்சத்திரத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கிரகங்கள் என்று நீ எழுதினாய். சித்திரையில் பிறந்த பெண்ணைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கிரகங்கள் என்று அவர்கள் படித்தார்கள்.

அதற்குள் குந்தாரப்பள்ளிக்காரர்கள் வந்து பெண் பார்த்து, தட்டு மாற்ற நாள் குறிக்கலாம் என்கிற வரைக்கும் பேசியிருந்தோம். அவர்கள் வீட்டு ஜோசியர் சந்தையில் புளியமரத்தடியில் உட்காருகிறவர். பத்திரிகை அவர் கைக்குப் போயிருக்கிறது. உரக்கப் படித்திருக்கிறார். இருக்கிற ஒன்பது கிரகத்துக்குத்தான் அவரிடம் பரிகாரம் இருந்தது. இப்போது நீ பார்த்து ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் தனித்தனியாக ஒரு கும்பலையே அவருக்குக் கொடுத்துவிட்டாய், விடுவாரா? மூலம், ஆயில்யம், கேட்டை, விசாகம் என்று பெண்களை ஒதுக்க ஏற்கெனவே இருந்த பட்டியல் போதாதென்று சித்திரையும் சேர்ந்தது. கல்லாவியில் ஒரு சித்திரைக்காரிக்குத் தாயத்துக் கட்டினார்களாம், அவள் யாரோ எவளோ, அவளிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அவர் சொன்னதில் எனக்கு இன்றும் வயிறு எரிவது இதுதான்: “நாம யாரும் சொல்லலீங்க. கூடப் பொறந்த அண்ணனே மனசு கேக்காம பேப்பர்ல போட்டு ஒத்துக்கினான்.”

அந்த வாரம் நீ, “கிருஷ்ணகிரி வரைக்கும் ஒரு வேலை இருக்குது” என்று பஸ் ஏறினாய். அன்று வழியில் குந்தாரப்பள்ளிச் சந்தை நாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டு திரும்பினாய். முகம் நன்றாக இல்லை. கேட்டதற்கு வெயில் என்றாய். இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து, தங்களுக்குத் திருப்தி, மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நீ நேரே போய், அந்தப் புளியமரத்தடியிலேயே கன்றையும் கயிற்றையும் காட்டி விளக்கியிருக்கிறாய், அவர்களுக்கும் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது, அண்ணா. கிணற்றடியில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். நீ அதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாய். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

ஐப்பசியில் காட்டு வேலையிலிருந்து காய்ச்சலோடு வந்தாய். ஓசூரில் பதினோரு நாள் கிடந்தாய். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த குந்தாரப்பள்ளிக்காரர்கள் பந்தலிலேயே பேசினார்கள், சித்திரையின் கிரகம் தங்கையை விட்டுவிட்டு அண்ணனை எடுத்துக்கொண்டது என்று. காய்ச்சல் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு அம்மாவின் இடுப்பில் செருகியிருந்தது. அதை எடுத்துக் காட்டக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. எனக்கு இருந்தது, ஆனால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

சாவு விழுந்த வீடு என்று ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்தார்களே தவிர விடவில்லை. கிருஷ்ணமூர்த்தி விடவில்லை என்று கேள்விப்பட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பெங்களூரில் பாக்டரி வேலை, தலைமுடி தடிமனைக்கூட அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு இரும்பை அளக்கிற வேலை என்று நீதான் சொன்னாய். ஒருமுறை ஓசூர் பஸ் நிலையத்தில் உன்னோடு நின்றுகொண்டிருந்தபோது என்னைப் பார்த்து, “உங்கண்ணன் எழுதினத படிச்சேங்க. கன்னுக்குட்டி உதாரணம் நல்லா இருந்துச்சு” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டினேன். இரண்டு அறை வீடு, விளக்கு, குழாய்த் தண்ணீர், படிக்கிற புருஷன். எல்லாம் ஆசைப்பட்டேன், எதையும் மறைக்கவில்லை.

வருஷத் திதி முடிந்ததும் அவர் அப்பா வந்தார். இரண்டு நிபந்தனை சொன்னார். ஒன்று, நிச்சயத்துக்கு முன் ஒரு சாந்தி பூஜை. இரண்டாவது, லக்னப் பத்திரிகை வாசித்த கையோடு நீ கொடுத்த காகிதத்தையும் சபையில் வாசிக்க வேண்டும்.

“எந்தக் காயிதங்க?” என்று அம்மா கேட்டாள்.

அவர் மடிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, என்னிடம் நீட்டினாள். ஆபீஸ் காகிதம். உன் கையெழுத்து, உன்னுடைய அந்தச் சின்ன, நேரான, வரைபடத்தில் பெயர் எழுதுகிற எழுத்து.

‘நான் பத்திரிகையில் எழுதியது தவறு. சித்திரை முதலான எந்த நட்சத்திரத்தைச் சுற்றியும் கிரகங்கள் இல்லை. ஆகவே என் தங்கை சௌபாக்கியவதி அலமேலுவுக்கு அவற்றால் எந்தத் தோஷமும் இல்லை. இதை என் சுயபுத்தியோடு எழுதிக்கொடுக்கிறேன்.’ கீழே ரங்கநாதன், சர்வேயர்.

இல்லை! எந்தச் சங்கிலியைப் போட்டு அளந்தாய் அண்ணா, இல்லை என்று சொல்ல? நாலு கண்ணி தள்ளிப் போட மாட்டேன் என்று காட்டுக்குப் போனவன், வானத்தையே ஒரே வரியில் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். சர்வேயர் என்று வேறு கீழே போட்டிருக்கிறாய். தூக்கம் வராத அளவுக்கு ஆத்திரம். அந்த ஜோசியர் உளறினால் அது அவர் பிழைப்பு. உனக்கு என்ன வந்தது?

எனக்காகத்தான் செய்தாய் என்று அம்மா சொன்னாள். அது எனக்குத் தெரியாதா? அதுதானே நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நீ வாழ்க்கையில் எழுதிய ஒரே பொய்யில் என் பெயர் இருக்கிறது. சௌபாக்கியவதி அலமேலு. வேறு யாருக்காகவாவது அதை எழுதியிருந்தால் உன்னை மன்னித்திருப்பேன்.

நான் ஒப்புக்கொண்டேன், அதையும் கேட்டுக்கொள். உடனே எகிறிவிடவில்லை. போனவன் போய்விட்டான், ஒரு காகிதத்தை வாசித்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாந்தி பூஜைக்கு மஞ்சள் புடவை கட்டி உட்கார்ந்தேன். இருக்கிற கிரகமா இல்லாத கிரகமா, எதைச் சாந்தப்படுத்துகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. நிச்சயத்தன்று தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன்.

கிருஷ்ணமூர்த்தியின் தாய்மாமனுக்கு நல்ல சாரீரம். லக்னப் பத்திரிகையைக் கணீரென்று வாசித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “காலஞ்சென்ற ரங்கநாதன் எழுதிக் கொடுத்தது” என்று தொடங்கினார். ‘நான் பத்திரிகையில் எழுதியது தவறு’ என்ற வரிக்குக் கூட்டத்தில் யாரோ, “அப்பிடிச் சொல்லு” என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு மாட்டை ஏளனம் செய்வார்களே, அந்தச் சிரிப்பு.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. வாசற்படி தாண்டிப் பந்தலில் நின்றேன்.

“நிறுத்துங்க. அத வாசிக்காதீங்க.”

பெண் நடுச்சபையில் வந்து பேசியதை நம் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. மாமன் காகிதத்தைக் கீழே இறக்கினார். கிருஷ்ணமூர்த்தியின் அப்பா நிதானமான மனிதர், அதட்டவில்லை.

“ஏம்மா, இது உங்கண்ணன் கையெழுத்துதானே?”

“கையெழுத்து அவனுதுங்க. பேச்சு அவனுது இல்ல.”

“இதப் பாரு தாயி. உன் நல்லதுக்குத்தான் வாசிக்கிறோம். ஊரு வாய மூட வேணாமா?”

“நீங்கதானுங்க சொன்னீங்க, கிரகம் வந்து எங்கண்ணன எடுத்துக்கினுச்சுன்னு. இப்ப நீங்களே கிரகம் இல்லன்னு வாசிக்கிறீங்க. இல்லாத கிரகம் எப்பிடிங்க ஆளக் கொல்லும்? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க.”

ஜோசியர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நீயே சொல்லேன். இருக்குதுங்கறியா இல்லைங்கறியா?” என்றார்.

என்னைச் சுற்றி அவ்வளவு முகங்கள். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இல்லன்னு சொல்லுடி. ஒரே வார்த்த. இல்லன்னு சொல்லிட்டு உள்ள வாடி” என்று கெஞ்சினாள். இல்லை என்று சொன்னால் அந்த நிமிஷமே நிச்சயப் புடவை என் கையில். நான் கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்தேன். அவர் கட்டுரையைப் படித்தவர், கன்றுக்குட்டி நன்றாக இருக்கிறது என்று சொன்னவர், முடித் தடிமனை அளக்கிறவர். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருந்தால் போதும். அவர் ஜமுக்காளத்தின் ஓரத்து நூலை இழுத்துக்கொண்டிருந்தார்.

“இருக்கலாம்” என்றேன்.

“இருக்கலாம்னா?”

“இருக்கலாம்னா இருக்கலாம். இல்லாமயும் போகலாம். யாரும் இன்னும் பாக்கல. பாக்காத இருக்குதுன்னு எங்கண்ணன் எழுதல. பாக்காத இல்லன்னு அவன எழுத வெச்சது நீங்க.”

அவர்கள் எழுந்துவிட்டார்கள். தட்டுகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள். கிருஷ்ணமூர்த்தியின் அப்பா போகும்போது, “திமிரு புடிச்ச பொண்ணா இருந்தாக்கூடச் சமாளிச்சிடலாம். இது என்னான்னே தெரியல” என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. மாமன் அந்தக் காகிதத்தை என் காலடியில் போட்டுவிட்டுப் போனார். நான் அதை எடுத்து அடுப்பில் போட்டேன். உன் கையெழுத்தில் இருந்த கடைசிக் காகிதம் அது என்பது எரிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்கும் உன்மேல்தான் கோபம்.

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசியதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். அண்ணனைத் தின்றது போதாதென்று வந்த வரனையும் தின்றுவிட்டாய் என்றாள். பெற்றவள் வாயிலிருந்து அது வந்தது. நான் தட்டை எடுத்து வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன்.

ஊர்ச் செய்தி கொஞ்சம் சொல்கிறேன். நம் தாலுகா மைசூர்ப் பக்கம் போகாமல் இங்கேயே நின்றுவிட்டது. நீ புதரில் அளந்த எல்லையில் கல் நட்டிருக்கிறார்கள். உன் இடத்துக்கு வந்திருக்கும் சர்வேயர் தஞ்சாவூர்க்காரர், இங்கே யார் கன்னடம் பேசுகிறார்கள், யார் தெலுங்கு பேசுகிறார்கள் என்று தெரியாமல் திணறுகிறார். கேழ்வரகில் பாதியை யானை மிதித்தது. ரஷ்யாக்காரர்கள் ஒரு குட்டிச் சந்திரனைச் செய்து மேலே அனுப்பியிருக்கிறார்களாம், பூமியைச் சுற்றிச் சுற்றி வருகிறதாம். அதைக் கேட்டதும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வாசல்வரை ஓடி வந்துவிட்டேன். நீ இல்லை என்பது அப்படித்தான் அவ்வப்போது எனக்குத் திடீரென்று தெரிகிறது.

கிருஷ்ணமூர்த்தி போன வாரம் ஒரு கார்டு போட்டிருந்தார். பெற்றவர்களை மீற முடியவில்லை, கட்டுரை சரி என்று தனக்குத் தெரியும் என்று நாலு வரி. சரி என்று தெரியுமாம்! பந்தலில் எங்கே போயிற்று அந்தத் தெரிந்தது? பதில் போடவில்லை. போட மாட்டேன்.

இப்போது கடைசியாக ஒன்று. அந்தக் காகிதத்தைப் பார்த்த நாளிலிருந்து இதைச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறேன். அன்று பஸ் ஏறுவதற்கு முன் நீ என்னைக் கேட்டிருக்கலாம், அண்ணா. இந்த ஒரு ‘இருக்கலாம்’ மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. “அலமேலு, இப்பிடி எழுதிக் கேக்கறாங்க, எழுதட்டுமா?” என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் கூடாது என்று சொல்லியிருப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உன்னிடம் மட்டும் பொய் சொல்ல மாட்டேன். அன்று எனக்குப் பத்தொன்பது வயது, பெங்களூர் ஆசை தலைக்கேறி இருந்தது. எழுதிக் கொடுத்துவிடேன் அண்ணா, உனக்கு என்ன குறைந்துவிடும் என்றுதான் சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. என் வாயால் அதைச் சொல்ல வைக்கக் கூடாது என்றுதான் கேட்காமலே போனாய். உன்னை இவ்வளவு திட்டுவதும் அதனால்தான்.

பிறகு ஒரு சத்தியம் செய்கிறேன். என்னைப் பெண் பார்க்க இனி எவன் வந்தாலும், காபி டம்ளரை நீட்டுவதற்கு முன் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். இருக்குதா இல்லையா என்று யார் கேட்டாலும், எந்தச் சபையில் கேட்டாலும், என் பதில் மாறாது. யாராவது அளந்துவிட்டு வந்து இல்லை என்று சொன்னால் அன்றைக்கு நானும் இல்லை என்பேன், உன் பெயரைச் சொல்லியே சொல்வேன். அதுவரைக்கும் எழுதிக் கொடு என்று கேட்பவர்களுக்கு என் கை எழுதாது.

இப்படிக்கு,
நீ கேட்காமலே பதில் தெரிந்துகொண்ட உன் தங்கை,
அலமேலு.